தாவீது சிற்பப் பாதுகாப்பில் முப்பரிமாண வருடலும் கணினி வரைகலையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மைக்கலாஞ்சலோவின் தாவீது சிற்பம் 434 செ.மீ. உயரமுடையது என்றே கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் லெவாய் தலைமையிலான குழுவினர் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் நகரின் அக்காதெமியா காட்சிக்கூடத்தில் அதனை அளந்தபோது, பீடம் நீங்கலாக 517 செ.மீ. இருப்பது தெரியவந்தது. நூல் கூறிய அளவை நம்பி அமைக்கப்பட்ட வருடியின் தாங்குசட்டம் போதவில்லை. அதனை உயர்த்த நேர்ந்தது. ஏட்டுப் பிரதிகளில் ஒரு பிழை படியெடுப்போர் கைகளில் வழிவழியாகத் தொடர்வதை அறிந்த பதிப்பாய்வாளர்களுக்கு இதில் பெரிய வியப்பு இராது.

இந்த வருடலால் கிடைத்த கணினி உருவம் 2003–2004ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த சிற்பத் துப்புரவுப் பணிக்கு எவ்வகையில் பயன்பட்டது, எவ்வகையில் பயன்பட இயலாதிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முப்பரிமாண உருவம் மூலத்தின் நகலாக இருப்பதனால் பாதுகாப்புக்கு உதவுவதில்லை. சிதறிக் கிடக்கும் சான்றுகளை இடமறிந்து பதிவதற்கு ஏற்ற புலமாக இருப்பதனாலேயே உதவுகிறது என்பது இதன் கருதுகோள்.

வருடலின் இயல்பு

லேசர்க் கோடு ஒன்றைக் கல்லின்மீது வீழ்த்தி, அது வளைந்து தோன்றும் வடிவைச் சற்று விலகிய கோணத்திலிருந்து ஒளிப்படக்கருவியால் பதிந்து, முக்கோணக் கணக்கால் ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் அறிவதே இம்முறை. உளித்தடங்களும் தெரிய வேண்டும் என்பது குழுவின் குறிக்கோள். எனவே புள்ளிகளின் இடைவெளி 0.29 மி.மீ. ஆகவும், ஆழத்தை அறியும் நுண்மை 0.05 மி.மீ. ஆகவும் அமைந்தன. தாவீதுக்கு மட்டும் 30 இரவுகள், 22 பேர், 480 தனி வருடல்கள், 7,000 வண்ணப்படங்கள், 200 கோடிப் பல்கோணங்கள் எனப் பணி விரிந்தது. அக்காலக் கணினிகள் இத்துணைத் தரவைத் தாங்கவில்லை. கால் மில்லிமீட்டர் நுண்மையுடைய முழு உருவம் 2009ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது.

பளிங்கு இம்முறைக்கு முற்றிலும் இசைந்த கல்லன்று. ஒளி அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடாமல் சிறிது உட்புகுந்து பரவி வெளிவருகிறது. பளிங்குக்கு உயிர்த்தோலின் சாயலைத் தரும் அதே பண்பு அளவையில் பிழையைப் புகுத்துகிறது. லெவாயும் உடன் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வொன்று, இவ்வாறு உட்பரவும் ஒளியைக் கணினி வரைகலையில் காட்டும் நடைமுறை வழியை வகுத்தது. அத்துறைப் பணிக்காக, அவ்வாய்வை உடன் எழுதிய ஜென்சன், மார்ஷ்னர், ஹன்ராஹன் ஆகிய மூவரும் 2004இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதைப் பெற்றனர். திரைப்படப் பாத்திரங்களின் தோலுக்கு உயிர்ப்பு வந்த வரலாற்றில் பளிங்குக்கும் பங்குண்டு என்பது தனித்து எழுதத் தக்க செய்தி.

துப்புரவும் பூசலும்

1504 முதல் 1873 வரை 369 ஆண்டுகள் அச்சிற்பம் திறந்த வெளியில் மழையையும் வெயிலையும் ஏற்று நின்றது. 1843இல் அரிஸ்டோடெமோ கோஸ்டோலி என்பார் ஹைட்ரோகுளோரிக் அமிலங்கொண்டு அதனைத் துலக்கினார். எவ்வளவு பளிங்கு அன்று கரைந்தது? அதற்கு முந்தைய மேற்பரப்பின் அளவுப் பதிவு ஏதும் இல்லாமையால் இவ்வினாவுக்கு விடை காண வழியில்லை.

இந்த நினைவே 2003ஆம் ஆண்டுப் பூசலுக்குப் பின்புலம். பணியை முதலில் ஏற்ற ஆக்னேசே பர்ரோங்கி, தூரிகை, பஞ்சு, மென்தோல் ஆகியவற்றால் உலர்முறையில் மட்டுமே துலக்க வேண்டும் என்றார். காட்சிக்கூடத்தாரோ, வாலை நீரில் தோய்ந்த காகிதக்கூழைப் பற்றாக இட்டு, கல்லின்மீது படிந்த ஜிப்சத்தை அகற்ற விரும்பினர். பர்ரோங்கி விலகினார், சின்சியா பார்னிகோனி பணியை ஏற்றார். கொலம்பியா பல்கலைக்கழகக் கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் பெக் உள்ளிட்டோர் துப்புரவையே எதிர்த்தனர்.

இங்குத்தான் கணினி உருவம் ஈரிடத்தில் பயன்பட்டது. முதலாவது, இத்தாலியத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் பீசா நகர ஆய்வகம் மேற்கொண்ட போன்மையாக்கம். மேலிருந்து வெவ்வேறு சாய்வுகளில் விழும் துகள்கள் உடலின் எப்பகுதியை எத்துணை முறை தாக்கும் என்பதைக் கணித்து, அதனை வண்ணப் படமாக உருவத்தின்மீதே தீட்டினர். எங்கே மழை மிகுதியாக விழுந்திருக்கக்கூடும், எங்கே தூசு தங்கும் என்பவற்றைக் கல்லின் தேய்மானத்தோடு ஒப்பிட இது வழிசெய்தது. பயின்ற கண் தோராயமாக உணர்வதையே இது எண்ணாகத் தந்தது எனலாம். ஆயினும் எண்ணாகத் தந்ததனால் அது பிறர் சரிபார்க்கத் தக்கதாயிற்று.

இரண்டாவது, ஆவணப்படுத்தல். பார்னிகோனி தாம் கண்டவற்றை நான்கு வகையாகப் பிரித்து, ஒளிப்படங்களின்மேல் வைத்த ஒளிபுகு தாள்களில் கையால் வரைந்தார். கல்லின் இயற்கைக் குறைகளான வரிகளும் துளைகளும், கறைகளும் படிவுகளும், தேய்ந்த பரப்புகள், மைக்கலாஞ்சலோவின் கருவித் தடங்கள் என்பன அந்நான்கு. பீசா ஆய்வாளர்கள் அவ்வரைபடங்களையும் துப்புரவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் முப்பரிமாண உருவத்தில் உரிய இடங்களில் பொருத்தினர். கைவரைவு இன்றி இயந்திரம் மட்டும் இருந்திருப்பின் இதில் பொருள் ஏதும் இராது. கறை எது, வரி எது எனப் பிரித்தறிந்தவர் சிற்பத்தின் முன் நின்ற பார்னிகோனியே.

ஆனால் அடிப்படை வினாவாகிய ஈரமுறையா உலர்முறையா என்பதற்கு வருடலால் தீர்ப்புக் கூற முடியவில்லை. அன்றைய அச்சம் உளித்தடம் மறையும் என்பதன்று. மேற்பரப்பின் மிக மெல்லிய படலம் மாறிவிடும் என்பதே. 0.05 மி.மீ. நுண்மையுடைய அளவை அப்படலத்தின் சிறு மாற்றத்தைக் காணும் ஆற்றலற்றது. 1843ஐப் போன்ற பேரிழப்பு நிகழின் அதனைக் காட்ட 1999ஆம் ஆண்டுப் பதிவு உதவும். 2003ஆம் ஆண்டுப் பூசல் அப்பதிவின் எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது. இவ்வெல்லையை வெளிப்படையாகக் கூறாது, முப்பரிமாணப் பதிவு இருப்பதனால் சிற்பம் காக்கப்பட்டுவிட்டது என்று எழுதும் போக்கு ஏற்கத் தக்கதன்று.

கணுக்கால் விரிசல்கள்

உருவத்தின் மிக உறுதியான பயன் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது எனலாம். தாவீதின் இடக் கணுக்காலிலும், வலக்காலை ஒட்டிய மரத்தண்டிலும் மெல்லிய விரிசல்கள் உள்ளன. கன அளவு ஏறத்தாழ 2 கனமீட்டர், எடை ஐந்தரை டன்னுக்கு மேல் எனக் கணினி உருவத்திலிருந்து கணித்தபின், பொறியாளர்கள் அழுத்தப் பரவலை ஆராய்ந்தனர். பழைய இடத்தில் நின்றபோது சிற்பம் முன்சாய்ந்திருந்தமையே விரிசலுக்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் முடிவு. 2014இல் 10 செ.மீ. உயரமுடைய சாந்துப் படிகளைச் சுழல்பொறியில் வைத்துச் சோதித்த ஆய்வும் சாய்வே பேரிடர் என்றது. நிலநடுக்க வாய்ப்புள்ள நகரத்தில் இது ஏட்டளவில் நிற்கும் முடிவன்று.

வினாவும் கருவியும்

ஃபுளோரன்ஸிலுள்ள மைக்கலாஞ்சலோவின் மற்றொரு சிற்பமான பியெத்தாவை அதே காலத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வருடினர். அங்கே வினா முந்தியது, கருவி பிந்தியது. சிற்பி தாமே உடைத்த அச்சிற்பம் பின்னர் ஒட்டப்பெற்றது. உடைந்த நிலையில் அது எவ்வாறிருந்தது என அறியவிரும்பிய கலை வரலாற்றறிஞர் ஜாக் வாசர்மன், ஒட்டிய உறுப்புகளைத் திரையில் மட்டும் நீக்கிக்காட்டக் கேட்டார். கல்லில் செய்யவொண்ணாததைத் திரையில் செய்வது வரைகலையின் தகுந்த பயன். தாவீதின் நிலை வேறு. அங்கே அளவு முதலில் கிடைத்தது. வினாக்கள் பின்னரே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

2020ஆம் ஆண்டின் இறுதியில், துபாய்க் கண்காட்சிக்கான முழு அளவுப் படி செய்யும்பொருட்டு, ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தார் தாவீதை மீண்டும் வருடினர். ஆகவே துப்புரவுக்கு முன்னும் பின்னுமாக, 21 ஆண்டு இடைவெளியில் இரு மேற்பரப்புப் பதிவுகள் இன்று உள்ளன. அவற்றை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் முதலில் 1999ஆம் ஆண்டுத் தரவின் பிழையெல்லையைப் பகுதி பகுதியாக அறிய வேண்டும். பளிங்கு நன்கு மெருகேறிய இடங்களிலும் உளித்தடம் நின்ற இடங்களிலும் அவ்வெல்லை ஒன்றாயிராது. அதற்கு முழுமைபெற்ற உருவம் போதாது; அந்த 480 வருடல்களின் மூலத்தரவே வேண்டும்.