தழும்பும் மாவுக்கட்டும்: தீப்புண் மறுவாழ்வில் சிம்புமுறைகளின் வரலாறு

மாவுக்கட்டு என்றதும் எலும்பு முறிவே நினைவுக்கு வரும். சுருங்கிய தழும்பை நீட்டவும் அதே கட்டு பயன்படுகிறது என்பது மருத்துவ வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படும் செய்தி. உறுப்புகளை உரிய நிலையில் தாங்கும் சிம்புகளின் வரலாறு மரம், சாந்து, நெகிழி எனப் பொருள்களின் வளர்ச்சியாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. தீப்புண் மருத்துவத்திற்கு இவ்வரிசை பொருந்தவில்லை. பழையதெனக் கருதப்பட்ட சாந்து, நெகிழிக்குப் பின்னரே அங்கு முக்கிய இடம் பெற்றது.

ஆழமான தீப்புண்ணின் தழும்பு, புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். வலி குறையும் என்பதால் நோயாளி கழுத்தைக் குனிந்தும் முழங்கையை மடக்கியும் வைத்துக்கொள்கிறார். தழும்பு அந்நிலையிலேயே இறுகிவிடுகிறது. இது புதிய அறிவன்று. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபேப்ரிசியஸ் ஹில்டானஸ் 1607இல் பாசலில் வெளியிட்ட தீப்புண் நூலில், புண்ணை மூன்று நிலைகளாகப் பகுத்ததோடு தழும்புச் சுருக்கத்தைச் சீர்செய்யும் கருவியையும் விளக்கியுள்ளார். ஆயினும் அது ஒரு மருத்துவ மரபாக வளரவில்லை. பெருந்தீப்புண் கண்டவர் பிழைப்பதே அரிதாக இருந்த காலத்தில், கை நிமிருமா என்ற வினாவுக்கு இடமேது? 1852இல் டச்சு இராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தைசன் அறிவித்த சாந்துத் துணிக்கட்டும் எலும்புக்கே உரியதாயிற்று.

1925இல் அமெரிக்காவில் எட்வர்ட் டேவிட்சன் அறிமுகப்படுத்திய டானிக் அமில முறை புண்ணின் மேல் கடினமான பொருக்கை உண்டாக்கியது. விரல்களைச் சுற்றி அது இறுகியபோது இரத்த ஓட்டம் தடைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எரிந்த விமானிகளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் மருத்துவம் செய்த ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, கை, முகம் ஆகியவற்றுக்கு அம்முறை கூடாதென எதிர்த்து, உப்புநீர்க் குளியலை முன்வைத்தார். அவர் மீட்டமைத்த முகங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. கைகளைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை.

உயிர் பிழைப்போர் தொகை பெருகியபோதுதான் சிம்பு தவிர்க்க இயலாததாயிற்று. கழுத்தில் ஒட்டிய மெல்லிய தோல் மீண்டும் சுருங்குவதைத் தடுக்க, அச்சில் வார்த்த சிம்பை நீண்ட காலம் அணிவிக்கும் முறையை ஹூஸ்டனின் தாமஸ் குரோனின் 1961இல் வெளியிட்டார். அதே டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில், ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் தீப்புண் மருத்துவமனையில் டுவேன் லார்சன் குழுவினர் சிம்பையும் அழுத்தத்தையும் இணைத்துத் தழும்பைக் கட்டுப்படுத்தும் முறையை 1971இல் விளக்கினர். அங்கு, சூட்டில் இளகும் ஆர்த்தோபிளாஸ்ட் தகட்டைக் குழந்தைகளின் உடலுக்கேற்ப வடிவமைத்த பணியில் தொழில்வழிச் சிகிச்சையாளர் பார்பரா வில்லிஸின் பங்கு பெரிது. கழுத்து நிமிர்ந்தும், மேற்கை உடலிலிருந்து ஏறத்தாழ 90 பாகை விலகியும், முழங்கை நீண்டும் இருத்தல் வேண்டும். நோயாளி விரும்பும் நிலைக்கு இது நேர் எதிரானது. காயத்தைச் சுருக்கும் மையோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கபியானி, ரையன், மேஜ்னோ ஆகியோர் விவரித்ததும் 1971இல்தான். கைத்தொழிலாக வளர்ந்த முறைக்கு உயிரியல் காரணம் பின்னர் வந்து சேர்ந்தது எனலாம்.

நெகிழிச் சிம்பின் வசதியே அதன் குறை. கழற்றிக் கழுவலாம், ஆனால் வலிக்கும்போது குழந்தையும் கழற்றிவிடும். இங்கே வேலூரின் அனுபவம் கருதத்தக்கது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கி இறுகிய விரல்களுக்குத் தொடர் மாவுக்கட்டு முறையைப் பயன்படுத்தினார். விரலை வலிந்து நிமிர்த்தாமல், அது தானே எட்டும் எல்லையில் வைத்துக் கட்டி, சில நாட்களில் கழற்றி, கிடைத்த நெகிழ்வுக்கேற்ப மீண்டும் கட்டுவது அம்முறை. மெல்லிய இழுவை நீண்ட நேரம் நிலைத்தால் திசு கிழியாமல் வளர்ந்து நீளும் என்பதைக் கையின் இயக்கவியல் பற்றிய 1985ஆம் ஆண்டு நூலில் அவர் விரிவாக எடுத்துரைத்தார்.

தொழுநோயில் விரல் மடங்கக் காரணம் நரம்புச் சிதைவு, தீப்புண்ணில் தழும்பு. நோய் வேறாயினும் இறுகிய திசுவை நீட்டும் நெறி ஒன்றே. தீப்புண் சுருக்கத்திற்கான தொடர் மாவுக்கட்டு முறை 1980களின் இறுதியில் அமெரிக்கத் தீப்புண் மறுவாழ்வு ஆய்விதழில் தனித்துப் பேசப்பட்டது. சாந்து மலிவானது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. அது உறுப்பின் மேடுபள்ளங்கள் அனைத்தையும் தழுவி அழுத்தத்தைப் பரப்புகிறது; இரவிலும் இழுவையை விடுவதில்லை. ஒவ்வொரு முறை கட்டவிழ்க்கும்போதும் மூட்டின் கோணம் அளக்கப்பட்டு, நோயாளியின் பதிவேட்டில் பாகைக் கணக்காகக் குறிக்கப்படுகிறது. அக்குறிப்புகளை எழுதியவர் பெரும்பாலும் இயன்முறை, தொழில்வழிச் சிகிச்சையாளர்களே. வரலாற்று ஆய்வாளர் அவற்றை இதுவரை அரிதாகவே சான்றாகக் கொண்டுள்ளனர்.