மலையைத் திறந்த பாசி மண்

ஜெனீவாவுக்குப் பக்கத்து ஊரான ஷேன்-பூரில் லூயி ஃபாவ்ரின் சிலை நிற்கிறது. இந்தப் பகுதியில் 1826இல் பிறந்த அவர், கோத்தார்ட் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைக்கும் ஒப்பந்தத்தை 1872இல் பெற்றார். நீளம் சுமார் 15 கிலோமீற்றர். கெடு எட்டு ஆண்டுகள். பிந்தினால் தண்டம் கட்ட வேண்டும்.

கடும்பாறையை அவ்வளவு விரைவாக உடைக்க நைட்ரோகிளிசரினுக்கு வலிமை உண்டு. ஆனால் அந்தத் திரவம் அதிர்ந்தாலே வெடிக்கலாம். 1864இல் ஸ்டொக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அல்ஃப்ரெட் நோபலின் தம்பி எமில் உட்படப் பலர் இறந்தனர். அதை அடக்கியது ஒரு மண்.

டயட்டம் என்பது கண்ணுக்குத் தெரியாத, ஒற்றைக் கலப் பாசி. நமது லெமான் ஏரியிலும் உண்டு. இதன் ஓடு சிலிக்காவால் ஆனது. அதாவது, கண்ணாடியின் மூலப்பொருள். பாசி இறந்ததும் ஓடு அடியில் படியும். நெடுங்காலம் படிந்து சேர்ந்ததே டயட்டம் மண். ஓடு முழுக்க நுண்துளைகள் இருப்பதால் மண் மிகவும் இலேசானது. பியரையும் நீச்சல் தடாகத்து நீரையும் இன்றும் இதில் வடிகட்டுகிறார்கள். பூச்சிகளின் மேல் பட்டால், உடலிலுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து அவற்றை உலர்த்திக் கொன்றுவிடும்.

பிட்டு சொதியை உறிஞ்சுவதுபோல, இந்த மண் தன் எடையைப்போல மூன்று மடங்கு நைட்ரோகிளிசரினை உறிஞ்சியது. அதைக் குச்சிகளாக உருட்டலாம், எடுத்துச் செல்லலாம். நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற டைனமைட் இதுதான். கோத்தார்ட் வேலைக்காக 1873இல் ஊரி மாநிலத்தின் ஏரிக்கரையில், இஸ்லெட்டனில், டைனமைட் தொழிற்சாலை எழுந்தது.

வெடிமருந்தைக் கையாள்வது எளிதாயிற்று. வேலை மட்டும் பாதுகாப்பாகவில்லை. கெடுவைப் பிடிக்கும் அவசரத்தில் புகை, வெப்பம், விழும் பாறை, நோய் எல்லாவற்றுக்கும் நடுவே உழைத்தவர்களில் பெரும்பாலோர் வட இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1875இல் கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, நால்வர் இறந்தனர். சுரங்க வேலையில் மொத்தமாக ஏறக்குறைய 200 உயிர்கள் போயின. ஃபாவ்ரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இரு பக்கமும் சந்தித்தன. 1882இல் ரயில் ஓடியது.

வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். டிச்சினோவுக்குப் போனால் ஐரோலோ நிலையத்தருகே ஒருமுறை இறங்குங்கள். இறந்த தோழனைத் தொழிலாளர்கள் சுமந்துவருவதாக வின்சென்சோ வேலா வடித்த சிற்பம் அங்கே இருக்கிறது.