இரண்டு கோச்சிக் கதைகள்

எங்கள் ஊர் சாவகச்சேரியில் இருவர் சந்தித்தால் முதற்கேள்வி "என்ன புதினம்?" என்பதுதான். மழை, மாம்பழ விலை, பிள்ளையின் விசா, கிளினிக்குக்குப் போன கதை எல்லாம் ஒரு சுற்று வரும். ஸ்டேசனில் நிற்பவர்களென்றால் அதற்குப் பிறகுதான், "கோச்சி கொடிகாமம் விட்டுட்டுதோ?" என்று பேச்சு தண்டவாளத்தில் ஏறும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மேசைமேல் மாதிரி ரயில் ஓட்டுகிற பொழுதுபோக்காளர்களின் அன்றாடப் பேச்சும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறது. முழங்கால் நோ, பேரப்பிள்ளை, காலநிலை. பிறகு, எந்த வளைவில் எந்தப் பெட்டி தடம்புரண்டது, எந்தப் பசை காயவில்லை என்ற விசாரணை. இந்த இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்கு வெகுநாள் ஆசை.

மாதிரி ரயில்காரர்களின் கதையில் முதலில் கண்ணில் படுவது அளவு பற்றிய பிடிவாதம். அமெரிக்காவில் பரவலான எச்.ஓ. என்ற அளவில் எல்லாமே 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். மேற்கத்தைய ரயில்கள் பெரும்பாலானவற்றுக்கு அது சரியாகப் பொருந்தும். எங்கள் இலங்கைப் பாதை அகலமானது, ஐந்தரை அடி. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீற்றர் வரும். ஆகவே எங்கள் யாழ்தேவிக் கோச்சியை அச்சொட்டாகச் செய்ய நினைப்பவர் கடையில் வாங்கும் தண்டவாளத்தை நம்ப முடியாது. கையால்தான் போட வேண்டும். மூன்று மில்லிமீற்றர் குறைவு யாருக்குத் தெரியும் என்று விட அவர்கள் தயாரில்லை. ஒரு பெட்டிக்கு இன்ன ஆண்டில் இன்ன நிறம் இருந்ததா என்று நாட்கணக்காகக் கதைப்பார்கள். சிலர் நேர அட்டவணை போட்டே ஓட்டுவார்கள்: வேகமாகச் சுற்றும் மணிக்கூடு ஒன்று, கட்டுப்பாட்டாளராக ஒருவர், சரக்குப் பெட்டிகளுக்குத் தனித்தனிச் சீட்டு.

இதே பிடிவாதத்தை நான் முதலில் கேட்டது எங்கள் வீட்டு விறாந்தையில், தண்டவாளமே இல்லாத காலத்தில்.

காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான 21 மைல் பாதை 1902 மார்ச்சில் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதல் ரயில் பாதை அதுதான். சில காலம் கோச்சியின் கடைசி இடமே எங்கள் ஊர். கொழும்போடு இணைப்பு வந்தது 1905 ஓகஸ்டில். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் யுத்தத்தால் எல்லாம் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை கிடந்த இடத்தில் பற்றை வளர்ந்தது.

ஆனால் கதை நிற்கவில்லை. பெரியப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் பின்னேரத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால், கொழும்பிலிருந்து வரும் கோச்சியை ஸ்டேசன் ஸ்டேசனாக இறக்குவார்கள்: பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை. ஒருவர் ஒன்றை விட்டுவிட்டால் மற்றவர் விடமாட்டார். கைகாட்டி எந்தப் பக்கம் விழும், பலாப்பழம் எந்தப் பெட்டியில் ஏறும் என்று சண்டை வரும். மேசையும் பசையும் இல்லை. பேச்சாலேயே ஒரு மாதிரிப் பாதையைப் போட்டு, நாள்தோறும் அதில் வண்டி விட்டார்கள். அவர்களும் மாதிரி ரயில்காரர்கள்தான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மேசை ரயில்காரர் தாம் விரும்பிய ஓர் ஆண்டில் மணிக்கூட்டை நிறுத்துகிறார். எந்த நேரமும் அதை மீண்டும் ஓடவிடலாம். எங்கள் மணிக்கூட்டை நிறுத்தியது நாங்களல்ல. அவர் மேடையில் ஒட்டிவைக்கும் சின்ன மனிதர்களுக்குப் பெயர் தேவையில்லை. எங்கள் மேடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. சிலருடைய பெயர் வந்தால் விறாந்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பியது. அதன்பின் எங்கள் பேச்சு மாறிவிட்டது. இப்போது தாமதம், சீற் கிடைக்காதது, ரிக்கெற் காசு. இந்த முறைப்பாடுகளைக் கேட்க எனக்கு உண்மையில் சந்தோஷம். ஓடுகிற வண்டியைப் பற்றித்தானே குறை சொல்கிறார்கள். ஆனால் நுணுக்கம் கரைகிறது. பழைய வரிசையைப் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் ஊரில் குறைந்துவருகிறார்கள். அவர்களில் பலர் போன இடத்தை ஒரு எஞ்சினின் பெயரே சொல்லும். கொழும்புத் திட்டம் என்ற உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா தந்த எம்2 டீசல் எஞ்சின்கள் சிலவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றின் பெயர் ஒன்ராரியோ. அந்த எஞ்சின் ஓடிய காலத்தை அறிந்த எங்கள் ஆட்கள் பலர் இப்போது அதே ஒன்ராரியோவில் இருக்கிறார்கள்.

பிடிவாதக்காரனான ஒரு மாதிரி ரயில்காரனை அவர்கள் முன்னால் உட்காரவைக்க வேண்டும். அவன் கேட்கும் கேள்விகள்தாம் எங்களுக்கு இப்போது வேண்டியவை: சுவர் என்ன நிறம், தண்ணீர்க் குழாய் எங்கே, மேடை ஓரத்தில் என்ன மரம்? 87இல் ஒரு பங்கானால் அந்த 21 மைலும் 390 மீற்றருக்குள் அடங்கும். ஸ்டேசன் ஒன்று மட்டும் போதுமென்றால் ஒரு மேசையே தாராளம்.

போன கிழமை தொலைபேசியில் பெரியப்பாவிடம் மரத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"வேம்பு. கீழே ஒரு வாங்கு கிடந்தது, ஒரு கால் ஆடும்," என்றார். பிறகு, "அது கிடக்கட்டும் பிள்ளை, நீ சாப்பிட்டியோ?"