சாந்தின்றி எழுந்த பளிங்கு

ஏதென்சின் அக்ரோபோலிஸ் குன்றில் நிற்கும் பார்த்தினன் கோயிலைக் காண்போர் தூண்களின் எடுப்பில் மனம் தோய்வர். அக்கோயிலின் நுண்ணறிவோ கல்லும் கல்லும் சேரும் பொருத்துவாய்களில் மறைந்திருக்கிறது. கி.மு. 447இல், பெரிக்கிளீஸ் காலத்தில், இக்தினோசும் கல்லிக்ராத்தீசும் எழுப்பத் தொடங்கிய அந்தப் பளிங்குக் கோயிலில் கற்களை இணைக்கச் சாந்தே இல்லை.

கிரேக்கக் கோயில்கள் முதலில் மரத்தாலும் பச்சைச் செங்கல்லாலும் கட்டப்பட்டவை. ஒலிம்பியாவின் ஹீரா கோயிலில் மரத்தூண்கள் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின; கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயண எழுத்தாளர் பௌசானியாஸ், ஓக் மரத்தூண் ஒன்று எஞ்சி நின்றதைக் குறித்து வைத்திருக்கிறார். மரத்தை அடுத்துச் சுண்ணாம்புக்கல்லும், பின்னர் பளிங்கும் வந்தன. பார்த்தினனுக்கான பளிங்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பென்டெலி மலையில் வெட்டப்பட்டது.

பொருத்தும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அடுத்தடுத்து அமையும் இரு சுவர்க்கற்கள் தொடும் முகங்களில் விளிம்பு மட்டுமே வழவழப்பாக இழைக்கப்பட்டது; நடுப்பகுதி சற்றே குழித்து, கரடாக விடப்பட்டது. விளிம்போடு விளிம்பு படிந்தால் போதும், இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. முகம் சமமாக இருக்கிறதா என்று அறியச் செங்காவி பூசிய அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தனர். காவி பட்ட இடம் மேடு. அதை மீண்டும் செதுக்கினர். லெபதேயா நகரின் சியூஸ் கோயில் கட்டுமான ஒப்பந்தக் கல்வெட்டு இந்தச் சோதனையை விதியாகவே கூறுகிறது.

சுமார் 10.4 மீட்டர் உயரமுள்ள பார்த்தினன் தூண்கள் உருளைக்கற்களை அடுக்கி எழுப்பப்பட்டவை. உருளைகளின் நடுக்குழியில் மரக்கட்டை பதித்து, மர முளையால் மேலும் கீழும் கோத்தனர். சுவர்க்கற்களை இரும்புப் பிணைப்புகள் பிடித்தன. அவற்றைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர். ஈயம் நீரையும் காற்றையும் தடுத்து இரும்பைத் துருவிலிருந்து காத்தது; மென்மையானதால் நிலநடுக்க அதிர்வையும் ஓரளவு தாங்கிக்கொண்டது.

அந்த ஈயத்தின் அருமையைப் பிற்காலம் பெரும் விலை கொடுத்தே அறிந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த சீரமைப்பில் ஈயக் காப்பில்லாத இரும்பு பொருத்தப்பட்டது. அது துருப்பிடித்துப் பருத்து, பளிங்கையே பிளந்தது. 1975இல் பாதுகாப்புக் குழு அமைந்தபின், அந்த இரும்பைப் பெயர்த்தெடுத்துத் துருவேறாத டைட்டானியத்தைப் பொருத்தி வருகிறார்கள். பழைய கொல்லர்கள் வார்த்த ஈயத்தின் உள்ளே இருந்த இரும்போ, இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் பல இடங்களில் கெடாமல் கிடைத்தது. கல் மூடியபின் எவரும் காண முடியாத இடத்திலும் வேலையைக் குறைவறச் செய்த அந்தக் கைகளே இக்கோயிலை நமக்குக் காத்துத் தந்தவை.