மருத்துவ வள ஒதுக்கீடு (தமிழ்நாடு)

இருக்கும் பணம், மருந்து, படுக்கை, பணியாளர் ஆகியவற்றைக் கொண்டு இயன்றவரை அதிகமான உயிர்களைக் காக்கவும் நோய்களைத் தீர்க்கவும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதே மருத்துவ வள ஒதுக்கீட்டின் அடிப்படைக் கேள்வி. நலமாக வாழும் ஓர் ஆண்டைக் கூட்ட எவ்வளவு செலவாகிறது என்று பொருளியலாளர் கணக்கிடுவர். பிரிட்டன் 1999இல் இதற்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2017 முதல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு இப்பணியைச் செய்துவருகிறது. தமிழ்நாட்டில் இக்கேள்விக்கான பழைய விடைகள் மருந்துக் கிடங்கிலும் எடை பார்க்கும் தராசிலும் கிடைத்தன. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்துக் காட்டூரிலும், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் குப்பங்களிலும் இன்றுள்ள நிலை அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

விடுதலைக்கு முன் 1946இல் அறிக்கை அளித்த போர் (Bhore) குழு, ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. அடுத்து ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு, புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட இருப்பவற்றை வலுப்படுத்துவதே முதல் வேலை என்றது. பின்னாளில் சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவு நாடெங்கும் நிலைத்தது. மலை, பழங்குடிப் பகுதிகளுக்கும் எளிதில் போய்ச்சேர முடியாத பகுதிகளுக்கும் இது 20,000, 3,000 எனக் குறைக்கப்பட்டது.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியை நேராக எதிர்கொண்டது 1980இல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சோறு. தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, எல்லோருக்கும் கொடுப்பது என்ற இரு வழிகளும் ஒரே மாநிலத்தில் ஒரே காலத்தில் நடந்தன. முதல் வழியில் செலவு குறைவு. ஆனால், மக்கள் தங்கள் உரிமையாகக் கருதிக் காத்து நின்றது இரண்டாவதைத்தான். இந்த ஆதரவையும் சேர்த்தே ஒரு திட்டத்தின் திறனை மதிப்பிட வேண்டும்.

ஆயினும் இந்த வரலாற்றின் நடுநாயகம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான். 1994 ஜூலையில் பதிவான இந்த அரசு நிறுவனம் 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. இதை உருவாக்கியதில் இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஆர். பூரணலிங்கத்தின் பங்கு பெரிது. கழகம் முதலில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலைச் சுருக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1977இலேயே அத்தகைய பட்டியலை வெளியிட்டிருந்தது. இந்தியாவில் 1975இல் மருந்துத் துறையை ஆராய்ந்த ஹாத்தி குழுவும் அதே திசையைக் காட்டியிருந்தது. வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரிலேயே ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு இன்னோர் உறை. முதல் உறையில் தேறாதவரின் விலை உறை திறக்கப்படாது.

வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் இட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பின்பே மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வெளியே போகும். மாத்திரைப் பட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்டதால் அது கடைத்தெருவுக்குப் போவதும் கடினமானது.

இத்தனையிலும் மிகச் சிறந்த ஏற்பாடு பாஸ் புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று அதில் எழுதப்படும். தங்கள் பகுதி நோய்க்கேற்ற மருந்தைக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்க அத்தொகையில் கழியும். மருந்துத் தொகையில் 90 விழுக்காடு கழகத்தின் வழியே செலவாகும். எஞ்சிய 10 விழுக்காட்டில் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ளலாம். எந்த மருந்து எவ்வளவு தேவை என்பதைச் சென்னையில் இருப்பவர் முடிவு செய்வதில்லை. மருந்தாளுநரும் மருத்துவரும் கொடுக்கும் தேவைப்பட்டியலே முடிவு செய்கிறது. விலை குறைந்தது மட்டுமல்ல, ஓரிடத்தில் மருந்து காலாவதியாகிக் கிடக்க இன்னோரிடத்தில் இல்லாமல் போவதும் குறைந்தது. பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரியில் கழகங்கள் அமைத்தன.

மருந்துக்கு அப்பால், பெரிய சிகிச்சைகளின் செலவுக்கென 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இதய அறுவை போன்ற பெரிய சிகிச்சைகள் ஏழைக்கும் எட்டின. அதே சமயம் அரசுப் பணத்தில் ஒரு பங்கு தனியார் மருத்துவமனைகளுக்குப் போனது. ஊர் நிலையத்தில் செவிலியர் பணியிடம் நிரப்புவதா, நகரத்து அறுவைக்குக் காப்பீட்டுத் தவணை கட்டுவதா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை.

பழவேற்காட்டுப் பகுதியில் ஆள்தொகைக் கணக்கின் குறை தெரிகிறது. 30,000 பேருக்கு ஒன்று என்ற அளவு தலைகளை எண்ணுகிறது. நடுவே கிடக்கும் தண்ணீரை எண்ணுவதில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டுக் குப்பங்களிலிருந்து, பாலம் வருவதற்கு முன், பழவேற்காட்டை எட்டவே படகு வேண்டியிருந்தது. இந்த ஏரிக்கரை ஊர்களில் வலை விரிக்கும் இடங்களைப் ‘பாடு’ என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தன் முறை நாளில் தொழிலுக்குப் போகாதவருக்கு அன்றைய வருமானம் போனதுதான். முறை திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் பாதி நாள் செலவழிப்பவர் இழப்பது இதைத்தான். மருந்து இலவசம் என்று அரசின் கணக்கில் பதிவாகும். பேருந்துக் கட்டணமும் இழந்த பாடும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. நிலையங்களைச் சேர்த்து ஒன்றாக்கினால் அரசுக்கு மிச்சம் என்று சொல்லும்போது, அந்த மிச்சத்தில் ஒரு பகுதி நோயாளியின் தலையில் ஏற்றிய செலவுதான்.

இந்தச் செலவை ஓரளவு திரும்ப ஏற்றுக்கொண்டது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளைத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. ஆனால் பிரசவ வலிக்கும், படகில் அடிபட்டவருக்கும், பாம்புக்கடிக்கும் வீடு தேடி வரும் மாத்திரை போதாது. அவற்றுக்கு 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸும், இரவிலும் செவிலியர் இருக்கும் நிலையமும் வேண்டும். மலைக்கு அளவைத் தளர்த்திய அதே விதியை ஏரிக்கும் திட்டுகளுக்கும் பொருத்தி, ஆள்தொகையோடு பயண நேரத்தையும் வைத்து நிலையங்களின் இடத்தை முடிவு செய்வதே இப்பகுதிக்குப் பொருந்தும் ஒதுக்கீட்டு முறை.