ஆஸ்திரேலியத் தொல்குடியினரிடையே புகையிலையும் வேப்பிங்கும்

ஆஸ்திரேலியத் தொல்குடியினரும் டொரெஸ் நீரிணைத் தீவினரும் அந்நாட்டு மக்கள்தொகையில் 3.8 சதவீதம். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவர்கள் ஏறத்தாழ 9,84,000 பேர். தவிர்த்திருக்கக்கூடிய நோய்களும் சாவுகளும் இம்மக்களிடையே நேர்வதற்குப் புகையிலையே முதன்மைக் காரணம். 15 வயதுக்கு மேற்பட்டோரில் நாள்தோறும் புகைப்பவர்கள் 2002இல் ஏறக்குறையப் பாதிப்பேர். 2018-19இல் அது 37 சதவீதமாகவும், 2022-23இல் 29 சதவீதமாகவும் குறைந்தது. தொல்குடி மருத்துவ நிலையங்களும் தொல்குடித் தலைவர்களும் முன்னின்று நடத்திய இயக்கத்துக்கு இந்தச் சரிவில் பெரும் பங்கு உண்டு. கடந்த சில ஆண்டுகளில் இளையோரிடம் பரவிவரும் வேப்பிங், அதாவது மின்சிகரெட் பழக்கம், அந்த இயக்கத்தின் முன் புதிய சிக்கலாக நிற்கிறது.

வரலாறு

நிக்கோட்டின் இம்மக்களுக்கு ஐரோப்பியர் வழியாக முதன்முதலில் வந்ததன்று. மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலங்களில் காட்டுப் புகையிலை வகைகளும் பிட்டூரி என்னும் செடியும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தன. உலர்ந்த இலையைச் சாம்பலுடன் பிசைந்து உருண்டையாக்கி வாயில் அடக்கிக்கொள்வார்கள். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்வதைப்போல, சாம்பலின் காரத்தன்மை நிக்கோட்டின் விரைவாக வெளிப்பட உதவியது. தென்மேற்குக் குயின்ஸ்லாந்தின் மல்லிகன் ஆற்றங்கரையில் விளைந்த பிட்டூரி, பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்குப் பண்டமாற்றாகச் சென்றது. மத்திய ஆஸ்திரேலியாவில் மிங்குல்பா என வழங்கும் காட்டுப் புகையிலையை இன்றும் மெல்லுவோர் உண்டு.

வடகரையில் புகைக்கும் பழக்கம் ஆசியாவிலிருந்து வந்தது. கடல் அட்டை பிடிக்கச் சுலாவெசித் தீவிலிருந்து பருவக்காற்றோடு வந்த மக்காசர் மாலுமிகள், ஆர்ன்ஹெம் நிலத்து மக்களுக்குப் புகையிலையையும் நீண்ட மரக்குழாய்களையும் அறிமுகப்படுத்தினர். இந்த வணிகம் 1907 வரை நீடித்தது.

புகையிலை அன்றாடப் பழக்கமாகப் பரவியது குடியேற்ற ஆட்சியில்தான். நிலத்தை இழந்த மக்களுக்கு அரசுக் கிடங்குகளும் கிறித்தவ மிஷன்களும் மாவு, சர்க்கரை, தேயிலையுடன் புகையிலையையும் பங்கீடாக அளந்தன. கால்நடைப் பண்ணைகளில் உழைத்தவர்களுக்குப் பல இடங்களில் பணத்துக்குப் பதிலாக இதுவே கூலி. அழைத்த வேலைக்கு ஆள் வரவும், வந்தவர்கள் பண்ணையைவிட்டு அகலாதிருக்கவும் புகையிலை பயன்பட்டது. பண்ணைத் தொழிலாளருக்குச் சம ஊதியம் வழங்க 1966இல் தீர்ப்பாகி, 1968 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆக, இன்றைய முதியவர்களில் சிலர் புகையிலையைக் கூலியாகப் பெற்ற தலைமுறையினர். பலர் அவர்களின் பிள்ளைகள்.

உடல்நல விளைவுகள்

ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொல்குடியினரின் மொத்தச் சாவுகளில் 37 சதவீதத்துக்குப் புகைத்தலே காரணம். 45 வயதைக் கடந்தவர்களின் சாவுகளில் அது பாதி. நுரையீரல் புற்றுநோய், இதயநோய், பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகியவை இவற்றில் முன்னிற்பவை. 2020-22 கணக்குப்படி தொல்குடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள், பெண்களுடையது 75.6 ஆண்டுகள். பிற ஆஸ்திரேலியருடன் ஒப்பிட்டால் முறையே 8.8, 8.1 ஆண்டுகள் குறைவு. இந்த இடைவெளியில் புகையிலைக்குக் கணிசமான பங்கு உண்டு.

கருவுற்ற தொல்குடிப் பெண்களில் புகைப்போர் சுமார் 40 சதவீதம். இதனால் குறைப்பிரசவமும் குழந்தையின் எடைக்குறைவும் நேரும் வாய்ப்பு கூடுகிறது.

நலவாழ்வு என்னும் கருத்து

1989இல் வெளியான தேசியத் தொல்குடி உடல்நல வியூகம், உடல்நலம் என்பதைத் தனி ஒருவரின் உடலோடு நிறுத்தவில்லை. முழுச் சமூகத்தின் உள்ளமும் உறவும் பண்பாடும் நலமாக இருப்பதையும் அதில் சேர்த்தது. பார்டி இனத்தைச் சேர்ந்த உளவியலாளர் பாட் டட்ஜனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வகுத்த அமைப்பு இதற்கு ஏழு கூறுகளைக் காட்டுகிறது: உடல், மனமும் உணர்வும், குடும்பமும் உறவும், சமூகம், பண்பாடு, பிறந்த நிலம், முன்னோரோடான ஆன்மத் தொடர்பு.

புகைப்பழக்கத்துக்கு இந்த ஏழோடும் தொடர்பு உண்டு. சிகரெட்டைப் பகிர்வது உறவைப் பேணும் வழி. துக்க வீட்டில் கூடியிருப்போரிடையே அது கைமாறும். இனப்பாகுபாடும், நெருக்கடியான வீடுகளும், பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்ட வரலாறும் தந்த மனஅழுத்தம் பழக்கத்தை இறுக்குகிறது. எனவே தனியாக நிறுத்த முயல்பவருக்கு நிக்கோட்டினை விடுவது மட்டுமல்ல, உறவினர் கூடும் இடத்தைவிட்டு விலகுவதும் இழப்பாகிறது.

விடும் விருப்பத்தில் குறையில்லை. 2012-13இல் 34 தொல்குடி மருத்துவ நிலையங்களின் துணையோடு நடந்த ஆய்வில், நாள்தோறும் புகைப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் விட விரும்புவதாகச் சொன்னார்கள். பிற ஆஸ்திரேலியரிடமும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் ஒரு மாதமாவது தாக்குப்பிடித்தவர்களின் பங்கில் தொல்குடியினர் பின்தங்கியிருந்தனர். அதே ஆய்வில், புகைப்பவர்களிலேயே பாதிக்குமேல் தம் வீட்டுக்குள் யாரையும் புகைக்க விடுவதில்லை என்றனர்.

கைவிடல் இயக்கம்

சமூகமே நடத்தும் முதல் தொல்குடி மருத்துவ நிலையம் 1971இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 140க்கு மேல் உள்ள இத்தகைய நிலையங்களே புகையிலை ஒழிப்புப் பணியின் முதுகெலும்பு. 2010இல் தொடங்கிய கூட்டாட்சி அரசின் ‘டாக்ளிங் இண்டிஜினஸ் ஸ்மோக்கிங்’ திட்டத்துக்கு, குங்கரக்கன், இவைஜா இனங்களைச் சேர்ந்த டாம் கால்மா தேசிய ஒருங்கிணைப்பாளரானார். உடல்நல இடைவெளியை ஒரு தலைமுறைக்குள் மூட வேண்டும் என்று 2005இல் அறிக்கை தந்தவர் இவர். 2023இல் ஆண்டின் சிறந்த மூத்த ஆஸ்திரேலியராகத் தேர்வானார். திட்டத்தின்கீழ் வட்டாரக் குழுக்கள் விளையாட்டுத் திடல், பள்ளி, சமூக விழா என மக்கள் கூடும் இடங்களுக்குச் சென்று, உள்ளூர் முகங்களையும் மொழியையும் கொண்டு பேசுகின்றன.

தென்கிழக்குக் குயின்ஸ்லாந்தின் ‘டெட்லி சாய்சஸ்’ இயக்கம், உடற்பரிசோதனைக்கு வருவோருக்குச் சட்டை வழங்கிப் புகழ்பெற்றது. அந்தச் சட்டைக்கென்றே பரிசோதனைக்கு வரும் இளைஞர் பலர். கருவுற்ற பெண்களுக்கெனத் தனிப் பயிற்சித் திட்டங்கள் உள்ளன. விராஜுரி இனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மிஷெல் கென்னடியின் குழு, நிக்கோட்டின் மாற்று மருந்தும் கையேடும் அடங்கிய பொதியைத் தபாலில் அனுப்பும் முறையைச் சோதித்தது. வெளிப்படையாக உதவி கேட்கத் தயங்குவோருக்கு இது பொருந்தும்.

மருத்துவ வழிகள் பிற மக்களுக்கு உள்ளவையே: நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம், மிட்டாய் வில்லை, வாரெனிக்ளின் மாத்திரை, குவிட்லைன் தொலைபேசி ஆலோசனை. குவிட்லைனில் தொல்குடி ஆலோசகரோடு பேச வேண்டும் என்றும் கேட்கலாம்.

வேப்பிங்

நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக உறிஞ்சும் கருவியே வேப். சிகரெட்டில் எரிவதால் உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை என்பதால், புகைப்பவர் முழுமையாக மாறினால் தீங்கு குறையலாம். ஆனால் புகையே தொடாத இளையோருக்கு அது நேரடியான நிக்கோட்டின் அடிமைத்தனம். புகைக்காத இளையோர் வேப் பழகினால் பின்னர் சிகரெட்டுக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தேசியப் பல்கலைக்கழகத்தின் 2022 ஆய்வுத் தொகுப்பு கண்டது. வேப்பையும் சிகரெட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோருக்குத் தீங்கு குறைவதில்லை.

கனிச்சுவையும் பளிச்சென்ற நிறமுமாக வந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் இறக்குமதியை ஆஸ்திரேலியா 2024 ஜனவரி 1இல் தடை செய்தது. அதே ஆண்டு ஜூலை முதல் வேப் விற்பனை மருந்தகங்களுக்கு மட்டுமே உரியது. அக்டோபர் முதல் 18 வயது நிறைந்தோர் குறைந்த நிக்கோட்டின் செறிவுள்ளவற்றை மருந்தாளரிடம் பேசி மருத்துவர் சீட்டின்றி வாங்கலாம். சுவைகள் புதினா, மெந்தால், புகையிலை மட்டும். பொதுமருத்துவர்களின் வழிகாட்டுதல், பிற மருந்துகள் பலிக்காதபோதே வேப்பைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ‘டாக்ளிங் இண்டிஜினஸ் ஸ்மோக்கிங்’ திட்டம் வேப்பிங்கையும் உள்ளடக்கி விரிவடைய 2023 நிதிநிலை அறிக்கை 14.12 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கியது.

இலக்குகளும் விவாதங்களும்

நாட்டுச் சராசரி குறைந்தாலும் தொலைதூர ஊர்களில் நிலைமை வேறு. 2018-19இல் அங்கே நாள்தோறும் புகைத்தோர் 49 சதவீதம். பிற பகுதிகளில் 35 சதவீதம். மருந்தும் ஆலோசனையும் எளிதில் எட்டாமை, வீட்டு நெருக்கடி, வேலையின்மை ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. சிகரெட் மீதான கடும் வரி விடத் தூண்டுகிறது. விட முடியாத ஏழைக் குடும்பங்களின் உணவுச் செலவையும் அரிக்கிறது. மலிவான கள்ளச் சிகரெட்டும் கள்ள வேப்பும் இந்த விலைச்சுமையைப் பயன்படுத்தி நுழைகின்றன.

2023-30 தேசியப் புகையிலை வியூகம், நாட்டு மக்களில் நாள்தோறும் புகைப்போரை 2030க்குள் 5 சதவீதத்துக்கும், தொல்குடியினரிடையே 27 சதவீதத்துக்கும் குறைக்க இலக்கு வைத்தது. 2022-23இலேயே 29 சதவீதம் எட்டப்பட்டுவிட்டதால், இரண்டாவது இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆனால் இரண்டு இலக்குகளும் நிறைவேறினாலும் தொல்குடியினரின் விகிதம் நாட்டு இலக்கைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருக்கும். அந்த வேறுபாட்டை இயல்பென ஏற்கும் அளவுகோல் எதற்கு என்ற கேள்வி, வரும் ஆண்டுகளின் கொள்கை விவாதத்தில் முதன்மையானது.