ஓநாய் தின்ற முகங்கள்

முகச் சுருக்கத்தைப் போக்கி இளமையைத் தரும் என்று சொல்லி, சிவப்பொளி வீசும் முகமூடிகளை இன்று விற்கிறார்கள். அவற்றைக் காணும்போதெல்லாம் டென்மார்க்கு நாட்டு மருத்துவர் ஒருவர் என் நினைவுக்கு வருகிறார். அவரை நாடி வந்தவர்கள் இளமையைத் தேடி வந்தவர்கள் அல்லர். பிறர்முன் முகங்காட்டவே அஞ்சியவர்கள்.

அவர்களைப் பீடித்திருந்தது தோலில் பற்றும் காசநோய். அதற்கு 'லூபஸ்' என்று பெயர். இலத்தீன் மொழியில் ஓநாய் என்பது அதன் பொருள். மூக்கையும் கன்னத்தையும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அரித்துத் தின்னும் நோய்க்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? காசநோய்க் கிருமியை 1882-இல் ராபர்ட் காக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து அப்போது எவரிடமும் இல்லை.

நீல்ஸ் ஃபின்சென் 1860-இல் ஃபாரோ தீவுகளில் பிறந்தவர். நீண்ட இருளும் குறுகிய கோடையும் உடைய நாடு அது. இளமையிலேயே தீராத நோயொன்று அவரைப் பற்றிக்கொண்டது. கூரைமேல் வெயில் காய்ந்த பூனையொன்று, நிழல் நெருங்க நெருங்க வெயிலை நோக்கி நகர்ந்ததைக் கண்டுதான் ஒளியின் ஆற்றலைப் பற்றி அவர் சிந்திக்கத் தொடங்கினார் என்பார்கள். சிவப்பொளி மட்டும் புகும் அறையில் அம்மை நோயாளியை வைத்தால் வடு விழாது என்று 1893-இல் எழுதினார். அது நிலைபெறவில்லை.

1895-இல் கோபன்ஹேகன் மின்நிலையத்தில், லூபஸ் நோயால் வருந்திய பொறியாளர் ஒருவரின் முகத்தில் மின்வில் விளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். எந்த வைத்தியத்துக்கும் மசியாதிருந்த நோய் அடங்கலாயிற்று. மறு ஆண்டே ஒளி மருத்துவ நிலையம் எழுந்தது.

அங்கே நடந்த சிகிச்சையை நீங்கள் மனக்கண்ணால் காண வேண்டும். நடுவே கரித்துண்டுகளுக்கிடையே கண்ணைப் பறிக்கும் சுடர். அதிலிருந்து நான்கு திசைகளிலும் நான்கு குழாய்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நோயாளி. வெப்பம் தோலைச் சுடாதபடி தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும். இரத்தம் ஒளியை விழுங்கிவிடும் என்று ஃபின்சென் அறிந்திருந்தார். எனவே, கறுப்புக் கண்ணாடி அணிந்த தாதி ஒருத்தி, படிகக்கல் வில்லையால் தோலை அழுத்தி, அவ்விடத்து இரத்தத்தை வெளியேற்றியபடியே ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் அமர்ந்திருப்பாள். ஒரு முறைக்குச் சிறு நாணயத்தளவு இடமே குணம் பெறும். ஒரு முகம் முழுவதும் மீள எத்தனை நாள், எத்தனை பொறுமை! விளக்கின் பெருமையைப் பேசும் வரலாறு, அந்தத் தாதியரை ஏனோ மறந்துவிடுகிறது.

1903-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அதை நேரில் பெற ஸ்டாக்ஹோம் செல்லவும் அவருக்கு உடல்வலிமை இல்லை. அடுத்த ஆண்டு தமது 43-ஆம் வயதில் காலமானார். 1950-களில் காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்ததும் விளக்குகள் அணைந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. ஊதா கடந்த கதிர்களே கிருமியைக் கொன்றன என்று ஃபின்சென் நம்பினார், உலகமும் நம்பியது. டேனிய ஆராய்ச்சியாளர்கள் எஞ்சியிருந்த அவருடைய கருவிகளையே சோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். கிருமியைக் கொல்லவல்ல குறுகிய கதிர்களை அவ்வில்லைகள் வெளியே விடவே இல்லை! காசநோய்க் கிருமி தன்னுள் போர்ஃபிரின் என்னும் பொருளை உண்டாக்குகிறது. ஊதா நிற ஒளி அதன்மேல் பட்டதும் பிராணவாயு வீரியங்கொண்டு கிருமியையே அழித்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

காரணத்தில் பிழைபட்டாரே என்று சிலர் கேட்கலாம். அதனால் அவர் பெருமை குறைவதாக நான் எண்ணவில்லை. ஊதா கடந்த கதிர்கள் தோலுக்கு முதுமையைத் தருவன என்று இன்று அறிவோம்; சிவப்பொளி சுருக்கத்தைச் சற்றுக் குறைக்கலாம் எனச் சில சிறு சோதனைகள் கூறுகின்றன. விளம்பரம் சொல்வதோ அதைவிடப் பன்மடங்கு. ஃபின்சென் 1901 வரை ஏறத்தாழ 800 லூபஸ் நோயாளிகளுக்குக் கணக்கு வைத்தார். நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் குணமடைந்தனர். குணமடையாதவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.